வடதுருவக் கரையில் கடுகு வெடித்த வரலாறு

மனிதகுலம் இதுவரை செய்த காரியங்களில் தலையாயது எது என்று கேட்டால், நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள், எழுத்து என்பார்கள். விஷயம் தெரியாதவர்கள். வடதுருவத்துக் கடற்கரையில் எந்த இடத்தில் என்ன மண் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு நிறம் பூசி, ஓரத்தில் ஒரு பட்டியல் போட்டு அச்சடித்ததுதான் தலையாய காரியம். அதைச் செய்தவன் நான் என்பதால் இப்படிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது வெறும் தற்செயல்.

அந்தக் கரையில் ஆள் கிடையாது. நரி உண்டு, பறவை உண்டு, எப்போதாவது கரடி வந்து பார்த்துவிட்டுப் போகும். இவர்களில் யாரும் வரைபடம் வேண்டும் என்று விண்ணப்பிக்கவில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் பனியாறு பின்வாங்கியபோது அங்கே எதையெல்லாம் போட்டுவிட்டுப் போனது என்று உலகம் தெரிந்துகொண்டாக வேண்டும். பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்மேட்டுக்குப் பச்சை. முன்பு கடல் அலையடித்து, பிறகு நிலம் உயர்ந்துவிட்டதால் மேலே ஒதுங்கிக் கிடக்கும் பழைய கரைக்கு மஞ்சள். உருகிய தண்ணீர் இழுத்து வந்த சரளைக்கு ஊதா. களிமண்ணுக்கு நீலம். ஒன்றும் தெரியாத இடத்துக்கு வெள்ளை. பட்டியலில் அதற்கு 'தரவு இல்லை' என்று பெயர். வெள்ளை என்பது வரைந்தவனின் வெட்கம் என்பார் எங்கள் இயக்குநர் பேராசிரியர் ப்ரெமர்.

இந்த மகத்தான பணியை நான் ஆற்றிய இடம் ஜெர்மனியில் எசன் நகரம், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி, காலுக்குப் பக்கத்தில் ஹீட்டர். செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூன்று வருஷம் நிறம் பூசினேன். என் தகுதியைப் பற்றி யாருக்கும் ஐயம் வேண்டாம். பெயர் முனைவர் சிவராமன். சொந்த ஊர் விருதுநகர். ஐஸ் என்பதை நான் முதலில் சந்தித்தது ரோஸ்மில்க் டம்ளரில். இருபத்தேழாவது வயதில் பிராங்பர்ட்டில் இறங்கி ஸ்நோவில் முதல் அடி வைத்தேன். இரண்டாவது அடி வைப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு பனியாறுகளைப் பற்றிப் பதினொரு ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறேன்.

இன்னொரு தகுதியையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். நான் 'ஒன்றிணைந்தவன்'. வெளியிலிருந்து வருகிறவர்கள் இந்த நாட்டோடு ஒன்றிணைய வேண்டும் என்று இங்கே எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அவர்கள் ஆசையை நான் மதியச் சாப்பாட்டில் நிறைவேற்றினேன். அலுவலகத்துச் சமையலறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து, மூன்று வருஷமாகச் சீஸ் வைத்த ரொட்டி தின்றேன். ராத்திரி வீட்டில் ரசம் சாதம். அது வெளியில் தெரியாமல் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

எங்கள் மண் பரிசோதனைக்கூடத்தில் இருந்த ரஞ்சினி அக்கா இந்த விஷயத்தில் ஒன்றிணையவே இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர். டோர்ட்மண்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவார். மண்ணைக் காயவைப்பது, சலிப்பது, நிறுப்பது, எழுதுவது எல்லாம் அவர் வேலை. சரியாகப் பன்னிரண்டரைக்குச் சமையலறையில் டப்பாவைத் திறப்பார். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல். மைக்ரோவேவ் அதை மாடி முழுக்க அறிவிக்கும்.

"என்ன தம்பி, இண்டைக்கும் பாணும் சீஸும்தானோ? வயிறு உங்களை ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

"பழகிடுச்சுக்கா."

"சும்மா சொல்லாதேங்கோ. என்ர டப்பாவை நீங்கள் பாக்கிற பார்வை எனக்குத் தெரியாதே?"

தெரிந்தும் ஒரு கரண்டி எடுத்து என் தட்டில் வைப்பார். நான் இடமும் வலமும் பார்த்துவிட்டு விழுங்குவேன்.

ரஞ்சினி அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை அவரே ஒரு நாள் சல்லடைகளைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

"இஞ்ச அகதியா வந்த புதுசில டுல்டுங் எண்டு ஒரு கடதாசி தந்தாங்கள். இப்போதைக்கு இருந்துகொள் எண்டு அர்த்தம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா முத்திரை. எட்டு வருஷம் அப்பிடிப் போச்சு. பிறகு விசா, அதுவும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம். பிறகு சிட்டிசனும் ஆகி, நாப்பது வயசில பிள்ளையளோட பிள்ளையா இருந்து ஆவுஸ்பில்டுங் எண்டு தொழில்படிப்புப் படிச்சு இந்த வேலைக்கு வந்தன். இதுவும் வருஷா வருஷம்தான். எனக்கு ஐம்பத்தொண்டு ஆகுது தம்பி. முடியிற திகதி போடாத ஒரு கடதாசியை ஒருக்காலாவது கையில வச்சுப் பாக்கோணும்."

அந்த வருஷம் எங்கள் நிறுவனத்துக்கு ஒரே ஒரு நிரந்தரப் பதவி கிடைத்திருந்தது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து அது ரஞ்சினி அக்காவுக்கு என்று பேராசிரியர் ப்ரெமர் கூட்டத்தில் அறிவித்தார். எல்லோரும் மேஜையைத் தட்டினோம். இங்கே கைதட்டலுக்குப் பதில் அதுதான். நானும் தட்டினேன். செப்டம்பர் முப்பதில் முடிகிற ஒப்பந்தம் ஒன்று என் பையிலும் இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதற்கு முந்தைய ஜூலையில்தான் அந்த அநியாயம் நடந்திருந்தது. எங்களுக்கு நிதி தருகிறவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். ஆய்வாளர் அந்தக் கரைக்கு எப்போதாவது போனதுண்டா என்று கேட்டிருந்தார்கள். விஞ்ஞானத்தின் மேல் இவ்வளவு அவநம்பிக்கை உள்ளவர்கள் நிதி தரக் கூடாது. இருந்தாலும் வரைபடத்தின் நான்காம் தாளுக்கு நேரில் போய்ப் பன்னிரண்டு இடங்களில் மண் எடுத்து வர வேண்டும் என்று முடிவாயிற்று. என்னைக் கப்பலில் ஏற்றினார்கள்.

என் மனைவி ஹரிப்ரியாவுக்கு வடதுருவமும் ஒன்று, திருப்பதியும் ஒன்று.

"கட்டுச்சாதம் இல்லாம எப்படிங்க அனுப்புறது? கப்பல்ல என்ன தருவானோ. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் போட்டிருக்கேன். சாதத்துல பிசைஞ்சுக்குங்க. மூணு நாள் ஆனாலும் கெடாது."

"ஹரி, அது சயின்டிஃபிக் எக்ஸ்பெடிஷன்."

"சயின்டிஸ்ட்டுக்குப் பசிக்காதா?"

பதினொரு நாள் பயணத்தில் எட்டு நாள் நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மீதி மூன்று நாளில் படகில் கரைக்குப் போய் மண் எடுத்தோம். முறை எளிது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பை நிரப்ப வேண்டும். 'அ' பை பரிசோதனைக்கு. 'ஆ' பை திறக்காமல் குளிர் அறையில் பத்திரமாக இருக்கும், பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் திறப்பதற்கு. மண்ணெடுக்கும் இடத்தில் எதையும் தின்னக் கூடாது என்று கையேட்டில் இருந்தது. அந்தக் கையேட்டை எழுதியவனும் நான்தான்.

ஏழாம் இடம் ஒரு பழைய கரைமேடு. துப்பாக்கியோடு வந்த கரடிக் காவலர் ஐம்பது அடி தள்ளி, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் படகில் இருந்தார்கள். ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் நான் தனியாக இருந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வீட்டுக்கு வெளியே, யாரும் என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். புளியோதரை. அந்தக் குளிரிலும் அதன் வாசம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

காற்று திசை மாறியது. டப்பாவில் கால்பங்கு கரையில் கொட்டியது. பத்தாயிரம் வருஷத்துக்கு முன் பனியாறு செய்ததை நானும் செய்தேன். எங்கிருந்தோ சுமந்து வந்ததை அங்கே போட்டேன். சோற்றையெல்லாம் பொறுக்கி எடுத்தேன். சரளைக்குள் போன சின்னச் சாமான்கள் கண்ணில் படவில்லை. காவலர் விசில் அடித்தார், நேரமாயிற்று. மண்வாரியை ஆறாம் இடத்தில் மறந்துவிட்டு வந்திருந்தேன். கையில் இருந்த எவர்சில்வர் கரண்டியால், உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு பையையும் நிரப்பினேன்.

ஜனவரியில் ரஞ்சினி அக்கா 7அ பையைப் பிரித்து, அடுப்பில் காயவைத்து, மறுநாள் காலை அடுப்பைத் திறந்தார். மூன்றாம் மாடி முழுக்கப் பெருங்காயம் மணந்தது. எனக்கு வாசம் தெரிந்துவிட்டது, எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துவிட்டது.

"தம்பி, ஒருக்கா இஞ்ச வாங்கோ."

போனேன். ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் கறுப்பாகச் சில உருண்டைகள் நின்றிருந்தன. பாதிக்கு மேல் வெடித்திருந்தன. அதற்கு மேல் சல்லடையில் ஆரஞ்சு நிறத்தில் அரைவட்டமாக நாலைந்து.

"இது தாளிச்ச கடுகு," என்றார் அக்கா. "முப்பது வருஷமா ஒவ்வொரு நாளும் தாளிக்கிறன், எனக்குத் தெரியாதே? இது கடலைப்பருப்பு. இந்தா, இது பாதிக் கச்சான். உங்கட மண்ணுக்குள்ள சாப்பாடு வந்திட்டுது தம்பி. நான் பதிவேட்டில எழுதிப்போட்டன்."

எழுதியும் இருந்தார். 'மாதிரி 7அ: உணவுப் பொருள் கலந்துள்ளது.' ஐந்து சொல். எங்கள் நிறுவனம் அந்த வருஷம் வெளியிட்ட அறிக்கைகளிலேயே பிழையில்லாதது அதுதான்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் பேராசிரியர் ப்ரெமர் உள்ளே வந்துவிட்டார். மூக்கை உயர்த்தி இரண்டு முறை இழுத்தார்.

"கந்தகம்," என்றார். "சந்தேகமே இல்லை, கந்தகம். அந்தக் கரையில் வெந்நீர் ஊற்று இருந்திருக்க வேண்டும்." உருண்டைகளை உருப்பெருக்கியில் பார்த்தார். "விதைகள். கரிந்த விதைகள். டாக்டர் சிவராமன், இவை உங்கள் மண்ணிலா கிடைத்தன?"

அவர் கண்கள் பளபளத்தன. மூன்று வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. செப்டம்பர் முப்பது என் கண் முன்னால் வந்து நின்றது. விஞ்ஞானத்தின் மிகக் கண்ணியமான வாக்கியத்தைச் சொன்னேன்.

"மேலும் ஆராய வேண்டும்."

ஆராய்ந்தார்கள். அதற்காக 'கரிந்த விதைப் பணிக்குழு' அமைந்தது. பதினொரு கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில், விதை இருந்தால் செடி இருந்தது என்று நிறுவப்பட்டது. இரண்டாவதில், செடி இருந்தால் அந்தக் காலத்தில் வெயில் இருந்தது. நான்காவதில், விதை கரிந்திருப்பதால் நெருப்பு இருந்தது. ஐந்தாவதில், நெருப்பு இருந்தால் மூட்டியவன் இருந்தான். ஆறாம் கூட்டத்தில் அந்த ஆதிமனிதனுக்குப் பெயர் வைக்கலாமா என்று பேசினோம். கடலைப்பருப்பு, அந்தப் பக்கத்தில் எங்குமே காணப்படாத ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் துண்டு என்று தீர்மானமாயிற்று. பனி அதை வெகு தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்க வேண்டும். தொலைவு என்பது வரைக்கும் சரி. அக்கா கச்சான் என்று சொன்ன வேர்க்கடலையை, மிதக்கும் பனிப்பாறையிலிருந்து கழன்று விழுந்த கல் என்று குறித்தார்கள். மண்ணில் எண்ணெய்ப் பசை மிக அதிகம். ஆகவே ஒரு காலத்தில் அங்கே உயிர் செழித்திருந்தது. நல்லெண்ணெய் அவ்வளவு பெரிய பொறுப்பை அதற்கு முன் சுமந்ததில்லை.

நான்காம் தாளில் ஏழாம் இடத்துக்குப் புது நிறம் ஒதுக்கினோம். நான்தான் தேர்ந்தெடுத்தேன், மஞ்சள்தூள் நிறம்.

ரஞ்சினி அக்கா ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் தன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனார். அவர் மரியாதையாகக் கேட்டார். பார்ப்பது பரிசோதனைக்கூடத்தின் வேலை, பார்த்தது என்ன என்று சொல்வது விஞ்ஞானியின் வேலை என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். அக்கா என்னிடம் வந்தார்.

"நீங்களும் தமிழ் ஆள்தானே. கடுகைத் தெரியாதோ உங்களுக்கு? சொல்லுங்கோவன் அவருக்கு."

"அக்கா, அறிவியல்ல 'தாளிச்சது'ன்னு ஒரு வகைப்பாடு கிடையாது."

அவர் சல்லடைகளை எடுத்து அடுக்கினார்.

வீட்டில் ஹரிப்ரியாவிடம் சொன்னேன். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தக்கா கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

"எப்போ?"

"டைமிங் பாத்துச் சொல்லணும் ஹரி. இப்ப சொன்னா என் கான்ட்ராக்ட் போயிடும்."

அவள் பாத்திரம் கழுவப் போனாள். அன்று ரசத்தில் தாளிப்பு இல்லை.

மே மாதம் விதைகளின் வயது கணித்து வந்த முடிவு எங்களைத் தாக்கியது. ஒன்பதாயிரம் வருஷம் என்று எதிர்பார்த்திருந்தோம். ஒரு வருஷம் என்று வந்தது. ஆதிமனிதன் போன ஜூலையில் வந்து சமைத்துவிட்டுப் போயிருந்தான்.

பேராசிரியர் ப்ரெமர் ஒரு நாள் முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் 'மாதிரித் தூய்மை விசாரணைக் குழு' பிறந்தது. மண்ணுக்குள் சாப்பாடு வந்தது எப்படி என்று அது கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து மாதமாக ஒருவர் அதைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அல்லது வந்தது, அதனால்தான் அவரைச் சந்தேகித்தார்கள். சாப்பாடு என்று அவருக்கு முதல் நாளே எப்படித் தெரிந்தது என்று கேட்டார் குழுவில் இருந்த பாதுகாப்பு அதிகாரி. பன்னிரண்டரை மணி டப்பாவைப் பற்றி மாடியில் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். ஐந்து மாதம் முன்பு வரை அந்த வாசனையைப் புகழ்ந்தவர்கள்தான்.

"டாக்டர் சிவராமன் மேல் சந்தேகமே எழாது," என்றார் பேராசிரியர். "மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். சீஸ் ரொட்டி தவிர எதையும் அவர் தொட்டதில்லை."

அதோடு விடவில்லை. இந்தப் பண்பாட்டுப் பொருள்களை அறிந்தவன் என்பதால் என்னைக் குழுவுக்குப் 'பண்பாட்டு ஆலோசகர்' ஆக்கினார்கள். திருடனைக் கூட்டி வந்து பூட்டைப் பற்றிக் கருத்துக் கேட்கும் இந்த ஏற்பாடு நிர்வாகவியலில் தனி இடம் பெறத் தக்கது.

ஜூன் மாதம் விசாரணை. நீள மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள், நடுவில் ஒரு கண்ணாடித் தட்டில் கடுகு. ரஞ்சினி அக்கா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசத் தொடங்கினார். என் ஜெர்மனை விட அவர் ஜெர்மன் எப்போதும் சுத்தம்.

"நான் தாளிக்கும்போது கடுகோடு பெருஞ்சீரகம் போடுவேன், வெங்காயம் போடுவேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். இந்தத் தட்டில் ஒரு பெருஞ்சீரகம் கூட இல்லை. கடலைப்பருப்பு இருக்கிறது, கச்சான் இருக்கிறது. என் வீட்டுத் தாளிதத்தில் இரண்டும் கிடையாது. இந்தியாவில் புளிச்சாதத்துக்கு இப்படித் தாளிப்பார்கள். இது என் சாப்பாடு இல்லை."

பனியாறுகளைப் பற்றி நான் எழுதிய பதினொரு கட்டுரையிலும் இப்படி ஒரு நேரான வாதம் இல்லை. எந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதானே எங்கள் தொழில். அவர் செய்துகாட்டிவிட்டார்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "இந்த இரண்டு சமையலுக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, டாக்டர்?"

ரஞ்சினி அக்காவும் என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போது எல்லாம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொண்டு எனக்கு ஒரு வழி விட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். இரண்டெழுத்தில் கூடச் சொல்லியிருக்கலாம், அக்கா ஊர்ப் பேச்சில் ஓம் என்று.

"மேலும் ஆராய வேண்டும்," என்றேன்.

"அப்ப ஆராயுங்கோ," என்றார் அக்கா தமிழில். பிறகு ஜெர்மனில், "7ஆ பை குளிர் அறையில் இருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை. உங்கள் எல்லோர் முன்னாலும் திறந்து சலிப்போம். அதிலும் கடுகு இருந்தால், அது இந்தக் கட்டடத்தில் விழுந்த கடுகு இல்லை" என்றார்.

யாருக்கும் மறுக்க வழியில்லை. சரி, எடுத்து வரச் சொல்லலாம் என்றார் பேராசிரியர். குளிர் அறைச் சாவி யாரிடம்? 'ஆ' பைகளின் பொறுப்பாளரிடம். அது நான்தான்.

குளிர் அறையில் நாலு டிகிரி. விளக்கைப் போட்டு 7ஆ பையைத் தூக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் வழியாகவே தெரிந்தது. ஒரு கறிவேப்பிலை, முழுசாக, பச்சை கூட முற்றிலும் போகாமல். வெட்கமாக இருந்தது. அதை விடப் பயமாக இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்துவிடு சிவராமா என்று என் மனசு சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். மனசு என் நிறுவனத்தின் பரிசோதனைக்கூடம் மாதிரி. அதன் வேலை பார்ப்பது மட்டும்.

பையைத் திறந்தேன். பையிலிருந்து பிரித்த எந்தப் பொருளையும் குளிர் அறைக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது, விதி ஒன்பது. அங்குள்ள குப்பைத்தொட்டியில் எதைப் போட்டாலும் பெயரோடு பதிய வேண்டும், விதி பதினொன்று. இரண்டையும் எழுதியவன் நான், மீற மனம் வரவில்லை. வயிற்றைப் பற்றி விதி ஏதும் இல்லை.

மண்ணைத் தட்டில் பரப்பிப் பொறுக்கினேன். கடுகு பதினான்கு, கடலைப்பருப்பு மூன்று, கச்சான் பாதி, கறிவேப்பிலை ஒன்று. ஒவ்வொன்றாக வாயில் போட்டு மென்றேன். வடதுருவ மணல் பல்லில் நறநறத்தது. ஒரு வருஷம் ஆகியும் ருசி போகவில்லை. ஹரிப்ரியா சொன்னது உண்மைதான், கெடாது. மூன்று வருஷத்தில் நிறுவனத்துக்குள் நான் ஒளிக்காமல் சாப்பிட்ட வீட்டுச் சாப்பாடு அது ஒன்றுதான் என்று எழுத ஆசை. அதையும் ஒளித்துத்தான் சாப்பிட்டேன்.

மண்ணைத் திரும்பப் பைக்குள் போட்டு ஒட்டிக்கொண்டு, இருபது நிமிஷத்தில் திரும்பினேன். சாவி சிக்கிக்கொண்டது என்று சொன்னேன். ரஞ்சினி அக்காவே சல்லடைகளை அடுக்கி, எல்லோர் முன்னாலும் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு அலசினார். சரளை நின்றது. மணல் நின்றது. வேறு ஒன்றும் நிற்கவில்லை. அவர் ஒவ்வொரு சல்லடையையும் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக, "பல்லில கருவேப்பிலை ஒட்டிக்கொண்டு நிக்குது."

உதட்டை மூடிக்கொண்டேன்.

"என்ன சொல்கிறார்?" என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன். அக்கா எனக்காகக் காத்திருந்தார். பத்து நொடி இருக்கும். பிறகு அவரே ஜெர்மனில் சொன்னார்.

"இவருடைய பல்லில் ஒரு இலை இருக்கிறது. அது இந்தப் பையிலிருந்து வந்த இலை."

இந்த நாட்டில் சக ஊழியரின் பல்லைப் பற்றிக் கூட்டத்தில் பேசுவது பெரிய அநாகரிகம். பாதுகாப்பு அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். பேராசிரியர் தன் பேனாவைப் பார்த்தார். என் பல்லை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: 'உறுப்பினர் ஒருவரின் தனிப்பட்ட தோற்றம் குறித்து ஒரு கருத்துத் தெரிவிக்கப்பட்டது. நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் எடுத்துக்கொள்ளப்படவில்லை.'

"டாக்டர் சிவராமன், நீங்கள் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா?"

வாயைத் திறந்தால் இலை தெரியும். தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

விசாரணை முறைப்படி, நடுநிலையோடு, ஆதாரங்களின் அடிப்படையில் முடிந்தது. திறக்காத பை சுத்தம், ஆகவே தவறு பரிசோதனைக்கூடத்தில் நடந்தது. நிரந்தரப் பதவி ரஞ்சினி அக்காவுக்கு இல்லை என்றானது. அவருடைய ஒப்பந்தம் செப்டம்பர் முப்பதோடு முடியும் என்று கடிதம் போயிற்று. பதவியைக் காலியாக விட்டால் அடுத்த வருஷம் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். ஆகவே அது எனக்கு வந்தது. 'மாதிரித் தூய்மை'க்கு இனி நான்தான் பொறுப்பு. மேஜையைத் தட்டினார்கள்.

செப்டம்பர் முப்பது பிற்பகல் ரஞ்சினி அக்கா என் அறைக்கு வந்தார். தோளில் பை, கையில் டப்பா.

"உங்களுக்குத் திகதி இல்லாத கடதாசி வந்திட்டுதாம்."

"ஆமாக்கா."

"ஒருக்கா காட்டுங்கோ, பாப்பம்."

மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் டப்பாவைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். முடியும் தேதி இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"நல்ல தடிப்பான கடதாசி," என்றார். மடிப்பு விழாமல் திருப்பித் தந்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகுது, போயிட்டு வாறன் என்று போனார்.

டப்பாவை விட்டுவிட்டுப் போயிருந்தார். மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றே விட்டாரோ தெரியாது. உள்ளே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. மேலே தாளிதம். கடுகும் பெருஞ்சீரகமும்.

நான்காம் தாள் அச்சாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கிப் பார்க்கலாம். பச்சை, மஞ்சள், ஊதா, நீலம் என்று மனிதகுலத்தின் தலையாய காரியம் பளபளவென்று இருக்கிறது. கீழே என் பெயர் இருக்கிறது. ஏழாம் இடத்தில் மட்டும், உற்றுப் பார்த்தால் தெரியும், கடுகளவு ஒரு வெள்ளை. பட்டியலில் அதற்கு நேரே 'தரவு இல்லை' என்று போட்டிருக்கிறது.

அது பொய். தரவு இருந்தது. தின்றவன் நான்.